ஓர்சினாவுல தப்பு வராது

தொபியாஸின் கடையில் கண்ணாடி மேசைமேல், கடலுக்கடியில் மூச்சு விட வாயில் வைக்கிற ரெகுலேட்டர்கள் இரண்டு கிடந்தன. ஒன்று ஓர்சினா கம்பெனி, இன்னொன்று ஹால்பெக் கம்பெனி. ஹால்பெக்கைக் கையில் எடுப்பதற்கு முன் மெல்கியோர் ஒருமுறை பீச் ரோட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை. உப்பு லாரி ஒன்று போனது, அவ்வளவுதான். ஆனாலும் முதுகில் யாரோ பார்ப்பது போலவே இருந்தது, ஏனென்றால் முதுகில்தான் ஓர்சினா என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது, கம்பெனி போன கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய பனியன் அது. வேறு சட்டை போட்டு வந்திருக்கலாம். வேறு சட்டை இருக்கிறதா என்று கேட்டால் அதுவும் ஒரு கேள்விதான், பீரோவைத் திறந்தால் பாதி ஓர்சினா, மீதி கல்யாணத்துக்குப் போடுகிற சட்டை. தூத்துக்குடியில் மெல்கியோர் என்று நாலு பேர் உண்டு, ஆனால் ஓர்சினா மெல்கியோர் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் மீன்காரி கூட வீட்டைக் காட்டிவிடுவாள். அந்த ஓர்சினா மெல்கியோர் இப்போது ஹால்பெக் வாங்க வந்து நிற்கிறார், அதுவும் யாருக்கு வாங்குகிறார் என்று தொபியாஸ் கேட்டதற்கு, ராமேஸ்வரத்தில் ஒரு சிநேகிதனுக்கு என்று கூசாமல் ஒரு பொய் சொல்லிவிட்டு. கூசாமல் என்ன கூசாமல், காது மடல் வரைக்கும் கூசியது. ராமேஸ்வரத்தில் யாரு என்று தொபியாஸ் அடுத்துக் கேட்டிருந்தால் பெயர் கூடத் தயாராக இல்லை. அவன் கேட்கவில்லை. சிலிண்டரில் மாட்டித் தருகிறேன், மூச்சு இழுத்துப் பாருங்கள் என்றான், மாட்டினான், வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போனான். நாற்பத்தேழு வயதில், தாடியில் நரை விழுந்த பிறகு, ஒரு ரப்பர் குழாயைப் பார்த்து வெட்கப்படுகிற நிலைமை எவனுக்கு வரும் என்று நினைத்துக்கொண்டே அதை வாயில் வைத்தார்.

இழுத்தார். காற்று வந்தது. அது வந்த விதம்தான் அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவு நன்றாக வந்தது. முக்க வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், வீட்டில் மூச்சு விடுவது போலவே இருந்தது. வேறு சபைக் கோயிலில் போய் மண்டியிட்டவன் போலக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டார், பிறகு கண்ணை மூடியதற்காகவும் வெட்கப்பட்டார். சங்கு குளித்த காலத்தில் காற்று இப்படியா வந்தது? படகில் ஒரு கம்ப்ரஸர் ஓடும், அதிலிருந்து மஞ்சள் குழாய் ஒன்று கடலுக்குள் இறங்கும், அதைப் பல்லில் கடித்துக்கொண்டு பத்துப் பாகம், அறுபது அடி, கீழே போனால் வருகிற காற்றில் டீசல் வாடை அடிக்கும், மேலே வந்த பிறகும் ராச்சாப்பாட்டில் அந்த வாடை இருக்கும். அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து கடல்புல் ஆராய்ச்சிக்கு வந்த ஒரு பெரியவர் ஊருக்குப் போகும்போது தன் ரெகுலேட்டரை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எடைக்கல் மாதிரி கனமான சாமான், பித்தளையும் இரும்புமாக, நெற்றியில் ஓர்சினா என்று வெட்டியிருக்கும். அதில் முதல்முறை இழுத்த மூச்சை இன்றைக்கும் சொல்ல முடியும். வாடையே இல்லாத காற்று. கடலுக்கு அடியில் இருந்துகொண்டு அழுதார், மாஸ்க்குக்குள் கண்ணீர் தேங்கியது, அதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று பிடித்த பிடி. பிறகு பள்ளி ஆரம்பித்தார், பிள்ளைகளுக்கு முக்குளிக்கச் சொல்லிக்கொடுத்தார், ஓர்சினா தவிர வேறு சாமானை உள்ளே விடவில்லை. கம்பெனி தொப்பி அனுப்பியது, பனியன் அனுப்பியது, ஒரு வருஷம் காலண்டரில் பிப்ரவரி மாதத்துக்கு இவர் படத்தைப் போட்டது, அந்தத் தாள் இன்னும் வீட்டில் தொங்குகிறது, எத்தனையோ பிப்ரவரி போய்விட்டது. ஹால்பெக் நல்லதாமே என்று யாராவது கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அவர் மனைவி செசிலி சொல்லும்போது, மூன்று கால் முயலும் ஓடுகிறதே என்று பதில் சொன்னவர் அவர்.

ஓடியது, பத்து நாள் முன்புவரை. பத்து நாள் முன்பு பழைய ஓர்சினாவின் குழாய் வெடிப்பு விட்டிருந்தது, அதைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்காக இரண்டு வருஷம் முன்பு வாங்கிய புது ஓர்சினாக்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினார். வான்தீவுப் பக்கம் பவளப்பாறை இடுக்கில் ஒரு கிழிந்த வலை சிக்கியிருந்தது, அதை அறுக்க வேண்டும், இடுக்கு குறுகல், தலைகீழாகத்தான் நுழைய முடியும். நுழைந்தார். முதல் மூச்சில் தொண்டையில் உப்புத் தண்ணீர். சரி, பல் நழுவியிருக்கும் என்று இறுக்கிக் கடித்தார். அடுத்த மூச்சிலும் தண்ணீர், ஒரு கரண்டி இருக்கும். இருமினார், கடலுக்குள் இருமுவது எப்படி இருக்கும் என்று இருமியவனுக்குத்தான் தெரியும், நெஞ்சு ஒரு பக்கம் இழுக்கிறது, கை ஒரு பக்கம் போகிறது, புத்தி மேலே மேலே என்று கத்துகிறது. முப்பது வருஷக் கடல்காரருக்கு அந்த ஒரு நொடியில் மாதாவே என்பதைத் தவிர ஒரு வார்த்தை ஞாபகம் வரவில்லை. நிமிர்ந்த பிறகு தண்ணீர் நின்றுவிட்டது. மறுபடி தலைகீழானார், வந்தது. நிமிர்ந்தார், நின்றது. வீட்டுக்கு வந்து பல்லில் கடிக்கிற மவுத்பீஸை மாற்றினார், மறுநாளும் அதே கதை. கழற்றிப் பார்த்தால் மூச்சுக்காற்று வெளியேறுகிற இடத்தில் இருக்கும் ரப்பர் வட்டு, பழைய சாமானில் தோசைக்கல் மாதிரி கெட்டியாக உட்கார்ந்திருக்குமே, அது இதில் காகிதம் மாதிரி இருந்தது, தலைகீழாகப் பிடித்தால் ஓரம் சுருண்டு கொடுத்தது. கம்பெனி கை மாறிவிட்டதாம், சாமான் வேறு எங்கோ செய்கிறார்களாம், விசாரித்தால் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, விசாரிக்காதவர் இவர் ஒருவர்தான். பெயர் அதே பெயர், எழுத்து அதே எழுத்து. அந்தக் காகித வட்டைக் கட்டைவிரலில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது, செசிலி வந்து சாப்பாடு போடவா என்று கேட்டபோது, அவருக்கு ரெகுலேட்டர் ஞாபகம் போய் பெனிட்டா ஞாபகம் வந்தது. வந்தது, பிறகு போகவில்லை.

இரண்டு வருஷம் முன்பு, அந்தப் புது ஓர்சினாக்கள் வந்த புதிதில், பெனிட்டாவுக்கு இருபத்திரண்டு வயது. திரேஸ்புரத்துப் பிள்ளை, அப்பா இல்லை, அம்மா கருவாட்டுக் கடை. கடல் ஆராய்ச்சிக்காரர்கள் பவளப்பாறை அளக்க ஆள் எடுக்கிறார்கள், பெண்பிள்ளைகளும் வரலாம், ஆனால் மெல்கியோர் மாஸ்டரிடமிருந்து ஆழத்துக்குத் தகுதி என்று எழுதி வாங்கி வர வேண்டும் என்று சொன்னதும் ஓடி வந்தவள். நீச்சல் சொல்லித்தர வேண்டியதே இல்லை, மீன்குஞ்சு. கடைசிச் சோதனை முயல்தீவுக்குப் பக்கத்தில், ஒன்பது மீட்டர் ஆழம், கீழே போய்த் தலைகீழாக நின்று பாறையை டேப் வைத்து அளக்க வேண்டும். தலைகீழாக.  அளக்கும்போதே துள்ளினாள், இருமினாள், டேப்பை விட்டுவிட்டு மேலே பாய்ந்துவிட்டாள். பாயக் கூடாது, நுரையீரல் கிழியும், அதை முதல் நாளே சொல்லிக்கொடுத்தவர் அவர், அதனால் மேலே வந்ததும் வந்த கோபம் கூட நியாயமானதுதான் என்று இத்தனை நாளும் தன்னிடமே சொல்லிக்கொண்டிருந்தார். படகில் இவர்கள் இருவரைத் தவிர ஆறு பேர். தொபியாஸ் எஞ்சின் பக்கம் இருந்தான், அவன் படகுதான் அது. ஆராய்ச்சிக்காரர்கள் இரண்டு பேர், கூடப் படித்த பையன்கள் மூன்று பேர். அத்தனை பேர் முன்னாலும் அந்தப் பிள்ளை பலகையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள், எடுத்துவிட்டு, மாஸ்டர் இதுல தண்ணி வருது என்றாள். இவர் என்ன சொன்னார்? இவர் சொன்னதை இப்போது ஹால்பெக்கின் ரப்பரைக் கடித்துக்கொண்டு நினைத்தபோது பல் கூசியது. "ஓர்சினாவுல தப்பு வராது, பிள்ள. தப்பு உன் நெஞ்சுல இருக்கு. பயந்தாங்கொள்ளிக்கெல்லாம் கடல் எதுக்கு?" பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்றுதான் சொன்னார், அதுதான் உண்மை, சபையில் ஒரு பேச்சு எடுபட்டால் வருகிற குளிர்ச்சி அன்று அவருக்கும் வந்தது. கரைக்கு வந்து அவள் தாளில், பதற்றக்காரி, ஆழத்துக்குத் தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அவர் பேனாவிலும் ஓர்சினா என்று எழுதியிருந்தது.

அதோடு போயிற்றா? போகவில்லை, இன்னொன்று இருந்தது, அதைத்தான் பத்து நாளாக மனசு சுற்றிச் சுற்றி வந்து தொட்டுவிட்டு ஓடியது. சங்கு குளிக்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, சிலுவை போட்டுக்கொண்ட பிறகு மேலே வரும்வரை வாய் திறக்கக் கூடாது. சிலுவை போட்டவன் பேசினால் கடல் கேட்டுக்கொள்ளும் என்பார்கள். மெல்கியோரின் அப்பாவும் அப்படி, இவரும் அப்படி, பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதே சட்டம்தான், இந்துப் பிள்ளையாக இருந்தாலும் கும்பிட்ட பிறகு மூச். அன்றைக்கு எல்லாரும் சிலுவை போட்டு, படகு விளிம்பில் உட்கார்ந்து, பெனிட்டா ஒரு கையால் மாஸ்க்கைப் பிடித்துக் குனிந்து தண்ணீரில் முகத்தை வைத்துப் பார்த்தாள், நிமிர்ந்தாள், ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்தாள், மாஸ்டர் என்றாள். இறங்குவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. குனிந்தபோதே தண்ணீர் வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மெல்கியோர் தன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார், கண்ணை உருட்டினார், இறங்கு என்று கையை ஆட்டினார். அவள் கீழ்ப்படிந்தாள். தண்ணீர் வருகிறது என்று தெரிந்துகொண்டே, மாஸ்டர் சொன்னதற்காக, அந்தப் பிள்ளை ஒன்பது மீட்டர் இறங்கியது. அவளைத்தான் பயந்தாங்கொள்ளி என்றார். செத்திருந்தால்? என்று நினைக்கும்போதெல்லாம் நினைப்பு அங்கேயே நின்றுவிடும், பிறகு வேறு எதையாவது தேடும், வீட்டுக்குழாயில் சொட்டுகிற தண்ணீர், மோட்டார் பில், எதையாவது. இப்போது அவள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள். அந்தப் பக்கம் போனால் நல்லாயிருக்கியளா மாஸ்டர் என்று கேட்கிறாள். அதனால் பத்து நாளாக மெல்கியோர் சுற்றுவழியில்தான் வீட்டுக்குப் போகிறார்.

காலையில் ஆராய்ச்சி அலுவலகத்து மேடம் போன் செய்யாமல் இருந்திருந்தால் இந்தச் சுற்றுவழியிலேயே ஆயுசு போயிருக்கும். பெனிட்டா மறுபடி விண்ணப்பம் போட்டிருக்கிறாளாம், உங்கள் பழைய குறிப்பு அப்படியே இருக்கட்டுமா, இல்லை மறுபடி சோதிப்பீர்களா, மத்தியானம் பட்டியலை அனுப்பிவிடுவோம் என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? இருக்கட்டும் என்றால் அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் ஜெராக்ஸ் கடைதான். தப்பு என்றால் ஏன் தப்பு என்று கேட்பார்கள். ரெகுலேட்டர் என்று சொல்ல வேண்டும். அப்புறம் இரண்டு வருஷமாக அதே ரெகுலேட்டரைத்தானே எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தீர்கள் என்பார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்லலாம். ஆகாமல் போனதை யார் எண்ணினார்கள், எத்தனை பிள்ளைகள் தண்ணீர் குடித்துவிட்டு, பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்க விரும்பாமல் விழுங்கிவிட்டுப் போனார்களோ. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, ஓர்சினா மெல்கியோர் என்று கூப்பிட்ட அதே வாய் நாளைக்கு என்ன சொல்லிக் கூப்பிடும்? இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே தொபியாஸ் திரும்பி வந்து, எப்படி இருக்கு அண்ணே, கட்டித் தரட்டுமா என்றான். மெல்கியோர் வாயிலிருந்து ரப்பரை எடுத்தார். எடுத்ததும், அவரே எதிர்பார்க்காத ஒன்றை அவர் வாய் கேட்டது. உன்னிடம் பழைய ஓர்சினா மூடி ஏதாவது கிடக்கிறதா, முன்பக்கம் மாட்டுகிற, பெயர் வெட்டிய மூடி, அதை இந்த ஹால்பெக்கில் மாட்ட முடியுமா? தொபியாஸ் அவரையே பார்த்தான். சிநேகிதனுக்கு ஓர்சினாதான் பிடிக்கும் என்று மெல்கியோர் சொன்னார். சொல்லும்போது அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அளவு பொருந்துமா தெரியலை, உள்ளே தேடிப் பார்க்கிறேன் என்று தொபியாஸ் அறைக்குள் போனான், போகும்போது முதுகைப் பார்த்தால் சிரிக்கிறவன் முதுகு மாதிரி இல்லை. அதுதான் இன்னும் மோசம். அவன் பாவம் பார்க்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்குச் சோறு போடு என்று அடுத்தவனிடமே தட்டை நீட்டியாயிற்று.

அந்த அவமானத்தில்தான் போனை எடுத்தார். நல்ல மனசு வந்து எடுக்கவில்லை, நிற்க முடியாமல் எடுத்தார். மேடம் எடுத்ததும் ஒரே மூச்சில், அந்தக் குறிப்பு தப்பு, சாமானில் கோளாறு, பிள்ளையிடம் கோளாறு இல்லை, அவள் தகுதியானவள் என்று சொன்னார். வானம் இடிந்து விழும் என்று நினைத்தார். மேடம், அப்படியா சார், ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு வாட்ஸப்பில் அனுப்பிடுங்க, பெயரைச் சேர்த்துடறோம் என்றார்கள். தேங்க்யூ என்றார்கள். ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. இதற்காகவா அந்தப் பிள்ளைக்கு இரண்டு வருஷம் போனது? தொபியாஸின் பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து எழுதினார், படம் எடுத்து அனுப்பினார். இவ்வளவு சுலபமாக முடிந்ததே வெட்கமாக இருந்தது, ஆனால் வெட்கத்துக்கு அடியில் மெல்ல ஒரு லேசும் வந்தது, அந்த லேசில் ஜெராக்ஸ் கடை எண்ணைத் தேடி அழுத்தினார். அவள் அழுவாள் என்று நினைத்தார். தேங்க்ஸ் மாஸ்டர் என்பாள், பரவாயில்லை மாஸ்டர் என்பாள், அதைக் கேட்க வேண்டும் போல இருந்தது, அந்த ஆசையை அப்போது அவர் ஆசை என்று கண்டுபிடிக்கவில்லை. பின்னால் மிஷின் ஓடுகிற சத்தத்தில் அவள் எல்லாவற்றையும் கேட்டாள். ரெகுலேட்டர், ரப்பர் வட்டு, தலைகீழ், மேடத்துக்கு எழுதி அனுப்பிய வரி, எல்லாம். தப்பு எம்மேலதான் பெனிட்டா, நீ சொன்னது சரி, தண்ணி வந்தது நெசம் என்று முடித்தார். அந்தப் பக்கம் மிஷின் நின்றது.

"அது நெசம்னு எனக்குத் தெரியாதா மாஸ்டர்," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை, யாருக்கோ நகல் எண்ணிக்கை சொல்கிற குரல். "தண்ணி குடிச்சவ நானு. எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? அன்னைக்குப் படகுல இருந்தாவல்லா, அவியகிட்டச் சொல்லுங்க." ஆள் நிற்கிறார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

மெல்கியோர் போனை மேசைமேல் வைத்தார். ஆறு பேர். ஆராய்ச்சிக்காரர்களில் ஒருவர் கொச்சிக்கு மாறிப் போய்விட்டார், தேடலாம். பையன்கள் மூன்று பேரில் ஒருவன் அந்தமானில், ஒருவன் கப்பலில், ஒருவன் இங்கேதான், ஞாயிறு பூசைக்கு வருவான். அவர்கள் யாரிடம் சொன்னார்கள், அவர்கள் சொன்னவர்கள் யாரிடம் சொன்னார்கள்? திரேஸ்புரத்தில் கருவாட்டுக் கடையில் அந்த அம்மாவிடம் யார் போய், உன் மகள் கடலுக்குப் பயந்தவளாமே என்று கேட்டார்கள்? கணக்கு பெருகிக்கொண்டே போனது, மூச்சு முட்டியது, எதிரே சிலிண்டர் நிறையக் காற்று இருந்தும் முட்டியது. தொபியாஸ் உள்ளேயிருந்து தூசி தட்டிக்கொண்டு ஒரு மூடியோடு வந்தான், பொருந்துற மாதிரித்தான் இருக்கு, கொஞ்சம் தேய்க்கணும் என்றான். வேண்டாம் தொபியாஸ் என்றார் மெல்கியோர், அப்படியே கொடு, எனக்குத்தான், சிநேகிதனுக்கு இல்லை. தொபியாஸ் சரி என்று தலையை ஆட்டினான், அவனுக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. இத்தோடு முடித்துக்கொள்ளலாம், இது ஒன்றே ஒரு நாளைக்குப் போதும் என்று உள்ளே ஒருவன் சொன்னான், அவனை மெல்கியோருக்கு நன்றாகத் தெரியும், விரலை உதட்டில் வைத்துக் காட்டுகிறவன் அவன்தான். தொண்டையைச் செருமிக்கொண்டார். ரெண்டு வருஷம் முன்னால முயல்தீவுப் பக்கம் ஒரு சோதனைக்குப் போனோமே, நீதானே படகு ஓட்டினாய், அன்றைக்கு ஒரு பிள்ளை மேலே பாய்ந்து வந்ததே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். தொபியாஸ் மூடியைக் கையில் திருப்பிக்கொண்டே யோசித்தான். முகம் தெரியவில்லை, ஊர் தெரியவில்லை, யார் பிள்ளை என்றும் தெரியவில்லை, அவன் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. பிறகு ஞாபகம் வந்துவிட்டது, முகம் மலர்ந்தது.

"ஆமாண்ணே," என்றான். "அந்தப் பயந்தாங்கொள்ளிப் பிள்ளதான?"

வெளியே இன்னொரு உப்பு லாரி போனது.  மெல்கியோர் தொபியாஸை உட்காரச் சொன்னார், அவன் உட்கார்ந்ததும் முதலில் அவள் பெயரைச் சொன்னார்.